பயாப்சி ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவர் டாக்டரா?

கேள்வி: அம்மாவுக்கு மார்பில் கட்டி. பயாப்சியில் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட பேத்தாலஜிஸ்ட் அம்மாவை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அவர் டாக்டரா, லேப் டெக்னீஷியனா? அவர் சொன்னதை நம்பி ஆபரேஷனுக்குப் போகலாமா?

பதில்: டாக்டர்தான். உங்கள் சர்ஜன் படித்த அதே எம்.பி.பி.எஸ்.ஸைத்தான் இவரும் படித்திருப்பார்; ஹவுஸ் சர்ஜன் காலத்தையும் சேர்த்து 5½ வருடம். அப்புறம் எம்.டி. பேத்தாலஜி அல்லது அதற்கு இணையான டி.என்.பி., 3 வருடம். டி.சி.பி. என்ற 2 வருட டிப்ளமோ முடித்தவர்களும் உண்டு. டி.எம்.எல்.டி., பி.எஸ்சி. எம்.எல்.டி. என்றிருந்தால் அவர் டெக்னீஷியன். திசுவை மெழுகில் பதித்து, 3 அல்லது 4 மைக்ரான் தடிமனில் சீவி, சாயமேற்றித் தருபவர் அவர். அந்தக் கை சரியில்லை என்றால் ஸ்லைடே பாழ். ஆனால் நோய் இன்னது என்று முடிவு சொல்வது பேத்தாலஜிஸ்ட் வேலை.

எம்.டி.யில் மைக்ராஸ்கோப்பைத் தொடுவதற்கு முன்பு கத்தியைப் பிடிக்கத்தான் பழக்குவார்கள். ஆபரேஷனில் எடுத்த உறுப்பை அளந்து, எந்த இடத்தில் துண்டு எடுப்பது என்று தீர்மானிப்பதற்கு 'கிராஸிங்' என்று பெயர். அங்கே தவறவிட்டதை எந்த லென்ஸும் காட்டாது. ரத்தம், எலும்பு மஜ்ஜை, ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. எல்லாம் இதே படிப்புக்குள் வரும். பேராசிரியரும் மாணவர்களும் பல தலை மைக்ராஸ்கோப்பில் ஒரே ஸ்லைடை ஒன்றாகப் பார்ப்பார்கள். கண் பழகுவது அங்கேதான். படிப்பு முடிந்த கையோடு எல்லாம் பிடிபட்டுவிடாது. புற்றுநோய் மையத்தில் சில வருடம் இருந்தவரின் கண்ணே வேறு. புற்றுநோய்க்கென்றே டி.எம். ஆன்கோபேத்தாலஜி என்று மேலும் 3 வருடம் படிப்பவர்களும் இருக்கிறார்கள்.

அவர் அம்மாவைப் பார்க்காதது குறையே இல்லை. வயது, கட்டி எந்தப் பக்கம், மேமோகிராமில் என்ன தெரிந்தது என்பதெல்லாம் அவர் கைக்குப் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். திசுவோடு போகும் படிவத்தில் 'மார்புக் கட்டி' என்று மட்டும் எழுதி அனுப்புகிறவர்கள் மீது எனக்குக் கோபமே வரும்.

ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர். (புற்றுநோய் செல்லில் உள்ள ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம்) முடிவுகள் இருக்கின்றனவா பாருங்கள். சிகிச்சையின் வரிசையே அதனால் மாறலாம். ஹெர்2 '2+' என்றிருந்தால், அதாவது இரண்டுங்கெட்டானாக வந்தால், ஃபிஷ் என்ற மரபணுப் பரிசோதனை செய்யாமல் முடிவுக்கு வர முடியாது.

இன்னும் சந்தேகமா? தாராளமாக இரண்டாவது கருத்துக் கேளுங்கள். பேப்பரை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் அது இரண்டாவது கருத்தே ஆகாது. லேபில் எழுதிக் கொடுத்து ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் வாங்கி, மார்பகப் புற்றுநோய் அதிகம் பார்க்கும் ஒரு மையத்தில் கொடுங்கள். சர்ஜனிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். சில நாள் தாமதத்தால் ஒன்றும் ஆகாது, மாதக்கணக்கில் இழுக்காதீர்கள். பிளாக்கில் உள்ள எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். அதை வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள், மெழுகு உருகிவிடும்.