கழிவு கலந்த கடலில் தனியாகத் துடுப்புப் போடலாமா?

கேள்வி: கல்லூரிப் படிப்பை முடித்த என் மகன், பாலாறு கடலில் கலக்கும் வாயலூரிலிருந்து பழவேற்காடு வரை கரையோரமாகவே கேனோ என்னும் சிறு துடுப்புப் படகில் தனியாகச் சென்று, கடல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்கப் போகிறானாம். கிணற்றில் நீந்தப் பழகியவன். அனுப்பலாமா? எங்கள் தோல் தொழிற்சாலைக் கழிவும் அந்தக் கடலில்தான் சேர்கிறதா?
– ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் பாலாறு, 2021 நவம்பரில் வந்ததைப் போன்ற வெள்ளக் காலங்களில்தான் கடல்வரை ஓடுகிறது. ஆகவே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைக் கழிவு பெருமளவு உங்கள் மண்ணிலும் கிணற்றிலுமே ஊறித் தங்கிவிட்டது. பச்சைத்தோல் அழுகாமல் இருக்கத் தடவும் உப்பு முதல் கழுவலிலேயே தண்ணீரோடு போய்விடுகிறது. தோலைப் பதனிடச் சேர்க்கும் குரோமியத்தையாவது பிரித்தெடுத்துவிடலாம், கரைந்த உப்பைப் பிரிப்பது பெருஞ்செலவு. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது உங்கள் பாலாற்று வழக்கில்தான் என்பதையும் மகன் அறிந்திருக்க வேண்டும்.

அவர் செல்லும் வழியில் கடல் ஒரே சீராகக் கெட்டிருக்காது. அடையாறும் கூவமும் சாக்கடையைக் கொண்டுவந்து கொட்டும் முகத்துவாரங்களும், அனல் மின்நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகமுமே மோசமானவை. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், எண்ணூரில் அலையாத்தி மரங்களின் அடியிலும் மீனவர்களின் வலைகளிலும் படகுகளிலும் அப்பிக்கொண்டது. சேற்றில் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள் அந்தத் தண்ணீரில்தான் நாள்தோறும் இறங்குகிறார்கள். உங்கள் மகன் பார்க்க வேண்டியது அதைத்தான். ஆனால் கேனோவில் தனியாக அன்று, அங்கேயே தொழில் செய்யும் ஒரு மீனவரின் படகில்.

ஏனெனில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கடலில் தடை உண்டு. சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் வாயிலில் வரும் பெருங்கப்பல்களால் ஒரு சிறு கேனோவுக்காக விலக இயலாது. இந்த இடங்களை வண்டியில் ஏற்றிக் கடந்துவிட வேண்டும். மற்றப் பகுதிகளுக்கு, வடகிழக்குப் பருவக்காற்று தணிந்து கரையோர நீரோட்டம் வடக்கே திரும்பும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் ஏற்றவை. விடியற்காலையில் கிளம்பி, நண்பகல் கடற்காற்று வலுக்கும் முன் ஏதேனும் மீனவக் குப்பத்தில் கரையேறிவிட வேண்டும். காலில் புண் இருந்தால் அன்று இறங்கவே கூடாது. முகத்துவார நீர் பட்ட கையை நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது.

கிணற்று நீச்சல் இதற்குப் போதாது, அம்மா. லைஃப் ஜாக்கெட் அணிந்தபடி, ஆழ்நீரில் கவிழ்ந்த கேனோவை நிமிர்த்தி, உள்ளே புகுந்த நீரை இறைத்து, பிறர் கைகொடுக்காமல் மீண்டும் ஏறிக்கொள்ள அவர் பழக வேண்டும். அது கைவந்த பிறகு, கரையில் ஒருவர் வண்டியோடு தொடர்ந்து வர, கடலோரக் காவல் நிலையத்துக்கு முன்கூட்டித் தெரிவித்து, கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு போகட்டும். அதுவரை அனுப்ப வேண்டாம்.