முட்டி வலியோடு டிஎம்டி டெஸ்டுக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மெட்டோபிரோலால் மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு மாதமாக மாடிப்படி ஏறினால் நெஞ்சில் ஒரு இறுக்கம் வருகிறது, நின்றால் போய்விடுகிறது. டாக்டர் டிஎம்டி, அதாவது டிரெட்மில் டெஸ்ட், எழுதித் தந்திருக்கிறார். முட்டி வலி இருக்கிறதே, என்னால் நடக்க முடியுமா? மாத்திரையை நிறுத்த வேண்டுமா? என் கொழுந்தனாருக்கு டிஎம்டி நார்மல் என்றார்கள், நாலே மாதத்தில் அட்டாக் வந்தது. இந்த டெஸ்டை நம்பலாமா? பேக்கேஜில் வருகிறதாம், வீட்டுக்காரருக்கும் சேர்த்து எடுத்துவிடவா? அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

பதில்: முட்டி வலியை டாக்டரிடம் சொன்னீர்களா? பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள். நெஞ்சைக் காட்டப் போன இடத்தில் முட்டியைப் பற்றி யார் பேசுவார்கள்! ஆனால் உங்கள் விஷயத்தில் அதுதான் முக்கியம்.

உட்கார்ந்திருக்கும்போது இதயத்துக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயில் முக்கால்வாசி அடைப்பு இருந்தாலும் சும்மா எடுக்கும் ஈசிஜி நார்மலாகவே வரலாம். மாடி ஏறும்போது தேவை கூடுகிறது, அடைப்பைத் தாண்டி அவ்வளவு ரத்தம் வர முடியவில்லை, இறுக்கம் வருகிறது. அந்த மாடிப்படியைத்தான் டிரெட்மில்லில் வரவழைத்து, ஈசிஜியும் பிரஷரும் பார்த்துக்கொண்டே நடக்கவைக்கிறார்கள்.

பெரும்பாலான இடங்களில் புரூஸ் முறைதான். அமெரிக்காவின் சியாட்டிலில் ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவர் 1963-இல் வகுத்தது. முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம். கோயிலைச் சுற்றி நடப்பதைவிட மெதுவான நடைதான், ஆனால் ஏற்றம் காலைப் பிடிக்கும். அடுத்த மூன்று நிமிடம் 4 கிலோமீட்டர், 12 சதவீதம். ஏழாவது நிமிடத்தில் ஐந்தரை கிலோமீட்டர், 14 சதவீதம். அங்கே பலருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும்.

220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தை இதயத் துடிப்பு தொட வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. உங்களுக்கு நிமிடத்துக்குச் சுமார் 141. முட்டி தாங்காமல் 110-இலேயே இறங்கிவிட்டால், ஈசிஜியில் ஒரு மாற்றமும் இல்லாவிட்டாலும் அது நார்மல் ரிப்போர்ட் ஆகாது. இதயத்தைச் சோதிக்கவே இல்லை என்றுதான் பொருள். ரிப்போர்ட்டில் துடிப்பு எவ்வளவு போனது, எத்தனை நிமிடம் நடந்தீர்கள், எதனால் நிறுத்தினார்கள் என்ற மூன்றையும் பாருங்கள். 'நெகட்டிவ்' என்ற ஒரு சொல்லை மட்டும் படித்துவிட்டு வீட்டுக்கு வராதீர்கள்.

மெட்டோபிரோலாலும் இங்கேதான் குறுக்கே வருகிறது. துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைப்பதே அதன் வேலை. அடைப்பு இருக்கிறதா என்று புதிதாகக் கண்டுபிடிக்க எடுக்கும் டெஸ்ட் என்றால் ஒன்று அல்லது இரண்டு நாள் முன்பு நிறுத்தச் சொல்வதுண்டு. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க என்றால் தொடரச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தவே கூடாது. இந்த வகை மாத்திரையைத் திடீரென விட்டால் துடிப்பும் பிரஷரும் எகிறி நெஞ்சுவலி அதிகமாகலாம். எழுதித் தந்த டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். டெஸ்டுக்கு அப்பாயின்ட்மென்ட் போடுகிறவர் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றில் போய் வரிசையில் உட்காராதீர்கள். சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். இரண்டு மூன்று மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். அன்றைக்கு மாத்திரையோ இன்சுலினோ எவ்வளவு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். டெஸ்ட் முடியும்வரை காபி வேண்டாம்.

உடை விஷயத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. நெஞ்சில் பத்து ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், சில மார்புக்குக் கீழே வரும். புடவையில் நடப்பது கஷ்டம், கால் தடுக்கும். முன்பக்கம் பட்டன் வைத்த தளர்வான மேல்சட்டை, பேன்ட், நன்றாகப் பிடிக்கும் ஷூ போதும். அன்று நெஞ்சில் பவுடர், எண்ணெய் எதுவும் வேண்டாம். ஸ்டிக்கர் பிய்ந்துகொண்டே இருக்கும். பெண் டெக்னீஷியன் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை. நடக்கும்போது கம்பியை இறுக்கிப் பிடிக்காமல் விரல் பட்டும் படாமல் வையுங்கள். தொங்கிக்கொண்டு நடந்தால் உடம்புக்கு வேலை குறைந்துபோய், உண்மையில் இருப்பதைவிட நல்ல ரிசல்ட் வரும். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து முடிக்க இது போட்டியில்லை. அங்கேயே அட்டாக் வந்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துச் செய்யும்போது உயிராபத்து சுமார் பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான்.

சரி, நம்பலாமா? கணிசமான அடைப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேரை டிஎம்டி காட்டிக்கொடுக்கும். அடைப்பு இல்லாதவர்களிலும் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு 'பாசிட்டிவ்' என்று வந்துவிடும், பெண்களுக்கு இந்தப் பொய்யான பாசிட்டிவ் கூடுதல். அதனால் உங்களுக்கு, முட்டி வலியையும் சேர்த்துப் பார்த்தால், சாதாரண டிஎம்டியைவிட டோபுடமின் ஸ்ட்ரெஸ் எக்கோ பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து. நடக்க வேண்டியதில்லை, ஊசி மருந்தால் துடிப்பை ஏற்றி, இதயச் சுவர் எங்காவது சரியாக அசையவில்லையா என்று எக்கோவில் பார்ப்பார்கள். இன்னொரு வழி, தாலியம் ஸ்கேன் என்று பழைய பெயரிலேயே எல்லோரும் சொல்லும் ஸ்கேன், இதயத் தசையில் எங்கே ரத்தம் குறைகிறது என்று காட்டுவது. அதற்கு அடினோசின் போன்ற மருந்து கொடுப்பதானால் முந்தைய நாளிலிருந்தே காபி, டீ, கோலா, சாக்லேட் கூடாது. வீசிங் உள்ளவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சி.டி. ஆஞ்சியோவும் உண்டு, அதில் குழாயையே பார்த்துவிடலாம், ஆனால் சர்க்கரை உள்ளவர் என்பதால் முதலில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, பார்க்க வேண்டும்.

உங்கள் கொழுந்தனாரின் டெஸ்ட் தப்பு என்று சொல்லிவிட முடியாது. ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குப் பெரிய அடைப்பைத்தான் டிஎம்டி காட்டும். பல அட்டாக்குகள் பாதி அடைப்புகூட இல்லாத இடத்தில், கொழுப்புப் படிவம் திடீரென வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகின்றன. முந்தைய நாள் டிரெட்மில்லில் அந்த இடம் ஒரு குறையும் காட்டாது. ஆகவே நார்மல் ரிப்போர்ட் வந்தாலும் சிகரெட்டையோ, சர்க்கரையையோ, கொழுப்பு மாத்திரையையோ அலட்சியம் செய்ய அது அனுமதிச் சீட்டு அல்ல.

பாசிட்டிவ் வந்தால் அன்றைக்கே ஸ்டென்ட் என்று பயமுறுத்தினாலும் பதற வேண்டாம். 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வில், ஸ்ட்ரெஸ் டெஸ்டில் ரத்தக்குறைவு நன்றாகவே தெரிந்த 5,179 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு மருந்தோடு ஆஞ்சியோகிராம் செய்து, தேவைப்பட்டால் ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மறு பகுதிக்கு முதலில் மருந்து மட்டும். சராசரியாக மூன்று வருடத்துக்கு மேல் கவனித்ததில் அட்டாக்கையும் இறப்பையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. நெஞ்சுவலி அடிக்கடி வந்தவர்களுக்கு முதல் வழியில் வலி நன்றாகக் குறைந்தது. இடது முக்கியக் குழாயில் அடைப்பு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. ஆரம்ப நிமிடங்களிலேயே ஈசிஜி மாறினாலோ, நடக்க நடக்க பிரஷர் ஏறாமல் இறங்கினாலோ, அது வேறு கதை. ஆஞ்சியோகிராமைத் தள்ளிப்போடக் கூடாது.

வீட்டுக்காரருக்கு வேண்டாம். தொந்தரவே இல்லாதவருக்குப் பேக்கேஜில் வருகிறது என்பதற்காக டிஎம்டி எடுத்தால், பாசிட்டிவ் வந்தாலும் அது பொய்யாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்புறம் அதைச் சரிபார்க்க ஆஞ்சியோகிராம், அதற்கு ஒரு நாள் அட்மிஷன், வீடு முழுக்கக் கவலை. அவருக்குப் பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றும் பாருங்கள், செலவும் குறைவு.

உங்கள் டெஸ்டையோ மாதக்கணக்கில் ஒத்திப்போடாதீர்கள். அதற்குள் இறுக்கம் முன்பைவிடக் குறைந்த வேலைக்கே வந்தாலோ, அடிக்கடி வந்தாலோ டெஸ்ட் தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சும்மா இருக்கும்போதே வந்து நிற்காமல் நீடித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நிலையில் டிரெட்மில்லில் ஏற்றவே கூடாது.