அப்பாவின் நாற்காலியை எங்கே போட்டீர்கள்?

கேள்வி: தாத்தா ஆரம்பித்த டிரஸ்ட் கல்லூரியை இப்போது நான் நடத்துகிறேன். அட்மிஷன் குறைந்துவிட்டது. ஒரு எட்டெக் கம்பெனி (இணையத்தில் படிப்பு நடத்தும் கம்பெனி) எங்கள் பெயரில் ஆன்லைன் பட்டப்படிப்பு நடத்தித் தருவதாகச் சொல்கிறது. ஆள் சேர்ப்பது, பாடம், தேர்வு எல்லாம் அவர்கள் பொறுப்பு. கட்டணத்தில் பாதி கேட்கிறார்கள். ஃபீஸ் கட்ட முடியாதவர்களிடம் பேச ஜூன் மாதம் அப்பா உட்காரும் வராந்தாவை அவர்களுக்கு ஒதுக்கி, நாற்காலியை ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டோம். பாதி அதிகமில்லையா?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: பாதியா, நாற்பது சதவீதமா என்பது இருக்கட்டும் தம்பி. அந்த நாற்காலியை எடுக்க எப்படி மனசு வந்தது?

அதன் எதிரே யார் வந்து நின்றிருப்பார்கள்? செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் போகிறவரின் மகள். ஏற்காட்டில் காபி பறிக்கும் அம்மாவின் பையன். அப்பா தவணை கொடுத்திருப்பார், சிலருக்குத் தள்ளுபடியும் செய்திருப்பார். இனி அங்கே உட்காரப் போவது தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் கம்பெனி ஆள். பணமில்லை என்றால் கடன் பத்திரத்தை நீட்டுவார். அந்தப் பெண் படிப்பை விட்டாலும் தவணை விடாது. கட்டணத்தில் பங்கு என்றாலே அப்படித்தான்: ஆள் கூடினால், கட்டணம் ஏறினால்தான் அவர்களுக்கு வருமானம்.

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. ஆன்லைன் படிப்பை ஃபிரான்சைஸ் முறையில், அதாவது தன் பெயரைக் கொடுத்து வேறொருவரை நடத்த விட்டு, நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஜனவரியிலேயே எச்சரித்துவிட்டது. அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகங்களோடு இப்படிக் கட்டணத்தைப் பங்கு போட்ட 2யூ கம்பெனி 2024 ஜூலையில் திவால் மனு போட்டது. உங்கள் கம்பெனி நாளைக்குக் கையை விரித்தால், மாணவர்கள் உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். சான்றிதழில் இருப்பது உங்கள் கல்லூரிப் பெயர்.

'தாத்தா ஆரம்பித்த' என்கிறீர்கள். அவர் அதை டிரஸ்ட்டாக எழுதி வைத்தது ஏன்? பேரன் பங்கு பிரிக்கக் கூடாது என்றுதான். உபரி வரலாம், அது கல்லூரிக்கே திரும்ப வேண்டும். லாப வேட்டை கூடாது. தனியார் கல்லூரிகள் பற்றிய டி.எம்.ஏ. பாய் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்.

மென்பொருள் வேண்டுமா? விலை பேசி வாங்குங்கள். பாடம் நடத்துவதையும் ஆள் சேர்ப்பதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். அட்மிஷன் குறைந்தது ஏன் என்று தெரிய வேண்டுமானால், நாற்காலியைத் துடைத்துப் பழைய இடத்தில் போட்டு, இந்த ஜூனில் நீங்களே உட்காருங்கள். வருகிறவர்கள் சொல்வார்கள்.