இரண்டு லேப், இரண்டு ரிப்போர்ட்: சுண்ணாம்புக்கல்லுக்கு எந்தக் கணக்கை நம்புவது?

கேள்வி: அரியலூர் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் நிலம். கிணறு வெட்டும்போது சுண்ணாம்புக்கல் வந்தது. புரோக்கர் ஒருவர் கல்லை எடுத்துப்போய் லேப் ரிப்போர்ட் வாங்கி வந்தார். கல்லின் தரத்தைக் காட்டும் கால்சியம் ஆக்சைடு 52.8 சதவீதம் (நகல் இணைத்துள்ளேன்). மேலே கிடந்த கற்களை நானே வேறு லேபுக்கு அனுப்பினேன், 43.8 என்கிறார்கள். எதை நம்புவது? குத்தகை வாங்கித் தருவதாகச் சொல்லி அவர் முன்பணம் கேட்கிறார்.

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கக் குத்தகை 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஏலத்தில்தான் கொடுக்கப்படுகிறது. லேப் ரிப்போர்ட்டைக் காட்டிக் குத்தகை வாங்கித் தர எந்தப் புரோக்கராலும் முடியாது.

இனி ரிப்போர்ட். இரண்டுமே லேபுக்குப் போன பையில் இருந்த கல்லுக்கு மட்டும்தான் பொருந்தும். புரோக்கர் வெள்ளையாக இருந்த கல்லைப் பொறுக்கியிருப்பார். நீங்கள் எடுத்தது வெயிலிலும் மழையிலும் கிடந்து மண் ஏறிய கல். ‘எங்களுக்கு வந்த மாதிரிக்கு மட்டுமே முடிவு பொருந்தும்’ என்று லேப்கள் கடைசி வரியில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் போடுகின்றன. விவசாயி கையில் போகிற தாளில் இதை முதல் வரியாகத் தமிழில் போட்டால் என்ன குறைந்துவிடும்? விதிக்கு ஒரு வரி போட்டாயிற்று, அதோடு சரி.

புரோக்கரின் ரிப்போர்ட்டை நீங்களே சோதிக்கலாம். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி எடை குறையும். அதுதான் ‘எரியிழப்பு’ என்ற வரி. கால்சியம் ஆக்சைடு 52.8-ஐ, அதன் ஒவ்வொரு பங்கோடும் சேர்ந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடின் எடையான 0.785-ஆல் பெருக்குங்கள்: 41.4. அதேபோல், அந்தத் தாளில் உள்ள மக்னீசியம் ஆக்சைடு 0.9-ஐ 1.09-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1. எரியிழப்பு 42.4 வாக்கில் வர வேண்டும். ரிப்போர்ட்டில் இருப்பது 36.4. ஆனால் மொத்தக் கூட்டல் மட்டும் 99.7 என்று அழகாக வருகிறது. மற்றதை எல்லாம் அளந்துவிட்டு, மிச்சத்தைக் கால்சியம் கணக்கில் எழுதினால் இப்படித்தான் வரும். அந்த எரியிழப்பு உண்மையென்றால் கால்சியம் ஆக்சைடு 45-ஐத் தாண்டாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் புரோக்கர் இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார் என்பதால் விளக்குகிறேன். திருநெல்வேலிப் பக்கம் இருப்பதுபோன்ற படிகச் சுண்ணாம்புக்கல்லில், கால்சியத்தின் ஒரு பகுதி சிலிக்காவோடு சேர்ந்து உல்லாஸ்டனைட் என்ற கனிமமாக இருக்கலாம். அதில் கார்பன் டை ஆக்சைடு கிடையாது. அதனால் எரியிழப்பு குறைவாக வந்தாலும் கால்சியம் அளவு சரியாகவே இருக்கும். அப்போது சிலிக்காவும் கூடவே ஏறும். கால்சியம் 52.8 இருக்கும்போது ஆறு சதவீதம் எரியிழப்பு குறைய வேண்டுமானால், எட்டு சதவீதத்துக்குக் குறையாமல் சிலிக்கா வேண்டும். உங்கள் தாளில் சிலிக்கா 6.1. மேலும் அரியலூர்க் கல், கடல் சிப்பிகள் படிந்து உண்டான படிவுக் கல். உல்லாஸ்டனைட் உண்டாகும் அளவுக்கு அது வெந்ததில்லை.

சரியான மாதிரிக்குக் கிணற்றுச் சுவரே போதும். ஆளை வைத்து, கயிறு கட்டி, பாதுகாப்பாக இறக்குங்கள். மேல்பரப்பைச் செதுக்கிவிட்டு, மேலிருந்து கீழாக 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழத்தில் காடி வெட்டச் சொல்லுங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு பை. 12 கிலோ வரும். கெட்டிக் கல்லுக்கு நடுவே வரும் மண் பட்டையையும் விடக் கூடாது. வெட்டியதைத் தார்ப்பாயில் கொட்டி, சுண்டைக்காய் அளவுக்கு உடைத்து, கலந்து, கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி நாலாகப் பிரியுங்கள். எதிரெதிர்ப் பங்குகளை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை ஒதுக்கி, மறுபடி அதேபோல் செய்தால் மூன்று கிலோ நிற்கும். ஒவ்வொரு முறையும் தூளைத் தூரிகையால் கூட்டி எடுங்கள். களிமண் தூளில்தான் இருக்கும். தூளை விட்டால் கால்சியம் பொய்யாக ஏறும்.

கடைசியில் ஒதுக்கிய மூன்று கிலோவைச் சீல் வைத்து வீட்டில் வைத்திருங்கள். இந்தோனேசியாவின் பூசாங்கில் மாதிரிகளில் தங்கத்தூள் கலந்த மோசடி 1997-இல் அம்பலமானது. அங்கே துளையிட்டு எடுத்த பாறையில் பாதியைப் பத்திரப்படுத்தாமல், ஏறக்குறைய முழுவதையும் நொறுக்கிவிட்டார்கள். திரும்பப் பார்க்கக் கல்லே இல்லை.

லேபுக்குப் பை எண் மட்டும் கொடுங்கள்; ஊர் பெயர் வேண்டாம். ஒரு பையை இரண்டாகப் பிரித்து வேறு வேறு எண்ணில் அனுப்புங்கள். கால்சியம் அரை சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் நல்லது. ஒன்றுக்கு மேல் விலகினால் மறுசோதனை கேளுங்கள். லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் முத்திரை இருந்தால் மட்டும் போதாது. அந்த லேபின் அங்கீகாரப் பட்டியலில் சுண்ணாம்புக்கல் இருக்கிறதா என்று இணையதளத்தில் பாருங்கள். எக்ஸ்-ரே முறை என்றால், பொடியை அப்படியே அழுத்திய வில்லை வேண்டாம். போரேட் என்ற உப்போடு சேர்த்து உருக்கிய கண்ணாடி வில்லையில் அளக்கச் சொல்லுங்கள். எரியிழப்பைத் தனியாகச் சுட்டு அளந்து எழுதவும், அதே நாளில் சோதித்த சான்றளித்த தரக் கல்லின் (அளவுகள் முன்பே தெரிந்த ஒப்பீட்டுக் கல்) முடிவைச் சேர்த்துத் தரவும் கேளுங்கள். தர மறுத்தால் வேறு லேப் பாருங்கள்.