அனிமேயை நிஜ நடிகர்களை வைத்து எடுத்தால் எடுபடுமா?

“அனிமே என்னும் ஜப்பானிய அனிமேஷன் கதைகளை நிஜ நடிகர்களை வைத்து எடுத்து இதுவரை வந்த லைவ் ஆக்‌ஷன் எல்லாம் சொதப்பல்தானே, ஒன்றாவது உருப்படுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். உருப்படும். உருப்பட்டும் இருக்கிறது. எனக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்த படம் 2012இல் ஜப்பானில் வந்த ‘ரூரௌனி கென்ஷின்’.

கதை நடப்பது 1878இல், மெய்ஜி காலத்து டோக்கியோவில். ஒரு காலத்தில் கூலிக்கொலையாளி போல ஆட்களை வெட்டிச் சாய்த்தவன், இனி ஒருவரையும் கொல்வதில்லை என்ற சபதத்தோடு ஊர் ஊராகத் திரிகிறான். அவன்தான் கென்ஷின். அவன் வைத்திருக்கும் வாளில் கூர்ப்பக்கம் இடம் மாறியிருக்கும். வீசினால் எதிராளி மேல் விழுவது மழுங்கிய பக்கம், கூர் இருப்பதோ அவன் பக்கம். இந்தக் கதை முதலில் வந்த மங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், அவன் வேகத்தைக் காட்டுவது சுலபம். வரைந்த ஒரு கட்டத்துக்குள் நிற்பான், நடுவில் நாலு கோடுகள், அடுத்த கட்டத்தில் எதிராளி காற்றில் பறந்துகொண்டிருப்பான். நிஜ மனிதனை வைத்து இதை எப்படி எடுப்பது?

கிராஃபிக்ஸில் அந்தக் கோடுகளை வரைந்திருந்தால் படம் அங்கேயே படுத்திருக்கும். இயக்குநர் கெய்ஷி ஓத்தோமோ அந்தப் பொறுப்பைச் சண்டைக்காட்சி அமைப்பாளர் கென்ஜி தனிகாகியிடம் கொடுத்தார். ஹாங்காங்கில் சண்டைப்பட நடிகர் டானி யென்னோடு வேலை பார்த்தவர் அவர். நாயகன் தகேரு சாத்தோ தரையை ஒட்டிக் குனிந்து ஓடுவதைப் பாருங்கள். ஓடிவந்து சறுக்குவார், காலடியில் புழுதி கிளம்பும், நிமிர்வதற்குள் உடம்பைத் திருப்பி இடுப்பில் ஒரு அடி, முதுகில் ஒரு அடி. வெட்டாத வாள் என்பதால் ஒரே வீச்சில் ஆள் விழமாட்டான், திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். சபதத்துக்காக அவன் படும் பாடு சண்டையிலேயே தெரிகிறது, யாரும் வசனம் பேசி விளக்க வேண்டியதில்லை. மங்காவில் இருந்த அவன் முடியின் சிவப்பைக்கூடப் பழுப்பு கலந்து மங்கலாக்கிவிட்டார்கள். ஆனால் அவன் திகைக்கும்போது சொல்லும் “ஒரோ”வை விடவில்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிந்தவர்கள் எடுத்த படம் அது.

இதே வரிசையில் 2021இல் வந்த ‘தி பிகினிங்’ படத்தின் ஆரம்பக் காட்சியையும் சொல்லியாக வேண்டும். அது அவன் கொலையாளியாக இருந்த காலம். கைகள் கட்டப்பட்டுச் சுற்றிலும் எதிரிகள் நிற்க, வாளை வாயில் கவ்விக்கொண்டு வெட்டுகிறான். அதே நடிகர், அதே உடம்பு. ஆனால் முன் படங்களில் இருந்த துள்ளல் கொஞ்சமும் இல்லை. என்னோடு உட்கார்ந்து பார்த்த தங்கை அனிமே பக்கமே வராதவள். “இவனா அவன்?” என்று மட்டும் கேட்டாள்.

என்னைப் பொறுத்தவரை விஷயம் இதுதான். கோடு செய்த வேலையை உடம்பு செய்ய வேண்டும். கோட்டையே திரும்ப வரைந்து காட்டுவதால் பயனில்லை. இதில் தவறியவை கதையை மதிக்காதவை மட்டுமல்ல. 2009இல் வந்த ‘டிராகன்பால் எவல்யூஷன்’ அதன் நாயகன் கோக்குவை அமெரிக்கப் பள்ளி மாணவனாக்கியது. திரைக்கதை எழுதியவரே பின்னாளில் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அதை விடுங்கள். எனக்கு மனசு கேட்காதது, விண்வெளியில் குற்றவாளிகளைப் பிடித்துப் பிழைப்பவர்களின் கதையான ‘கவ்பாய் பீபாப்’தான். 2021 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அனிமேக்கு இசையமைத்த அதே யோகோ கன்னோவின் இசை, அதே நீலக் கோட்டு, நாயகன் ஸ்பைக்காக ஜான் சோவும் நன்றாகவே நடித்தார். மூன்று வாரம்கூட ஆகவில்லை, அடுத்த சீசன் கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள்.

மூல அனிமேயின் முதல் எபிசோடில் ஸ்பைக்கின் கூட்டாளி ஜெட் சமைத்த குடைமிளகாய் மாட்டிறைச்சி வறுவலில் மாட்டிறைச்சியே இருக்காது. கையில் காசில்லை. ஸ்பைக் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடுவான். இருவர் வாழ்க்கையும் அந்தத் தட்டிலேயே தெரிந்துவிடும். 24 நிமிட எபிசோடுகளில் இப்படிச் சொல்லாமல் விட்டவைதான் அதன் உயிர். ஸ்பைக்கின் பழைய எதிரி விஷியஸும் பழைய காதலி ஜூலியாவும் 26 எபிசோடுகளில் எப்போதாவதுதான் எட்டிப்பார்ப்பார்கள். நெட்ஃபிளிக்ஸ் தொடரில் எபிசோடுகள் நீண்டன, அந்த இருவருக்கும் தனிக் கதையே ஓடியது, மௌனமாக இருந்ததெல்லாம் பேச ஆரம்பித்தது. உடையைச் சரியாகத் தைத்தவர்கள் மௌனத்தைக் கைவிட்டுவிட்டார்கள்.

அப்புறம் 2023 ஆகஸ்டில், நெட்ஃபிளிக்ஸிலேயே, கடற்கொள்ளையர் கதையான ‘ஒன் பீஸ்’ தொடர் வந்தது. நாயகன் லூஃபியின் ரப்பர் போல நீளும் கை நிஜத்தில் கேலியாகத் தெரியும் என்று நானும் பயந்தேன். தனக்குத் திருப்தி வரும்வரை வெளியிடுவதில்லை என்று நெட்ஃபிளிக்ஸ் ஒப்புக்கொண்டதாக மங்காவை வரையும் எய்சிரோ ஓடா ரசிகர்களுக்கு எழுதியிருந்தார். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கப்பல்களை நிஜமாகவே கட்டிப் படம் பிடித்தார்கள். நடிகர்களின் கால் பதிய ஒரு மரத்தளம் இருந்ததால்தான் அந்த ரப்பர் கையையும் நம்ப முடிந்தது என்று நினைக்கிறேன். அவன் கூட்டாளி நாமி தன் தோளில் பச்சை குத்திய அடையாளத்தைக் கத்தியால் குத்திக்கொள்ளும் இடத்தில், லூஃபி கையைப் பிடித்துத் தடுத்து, யாரையும் தொடவிடாத தன் வைக்கோல் தொப்பியை அவள் தலையில் வைக்கிறான். அனிமேயில் கண்ணீர் பெரிது பெரிதாக வழியும், இங்கே ஒரு பெண்ணின் முகம்தான். எனக்கு இரண்டிலும் தொண்டை அடைத்தது.

எல்லாவற்றையும் எடுக்கலாம் என்று சொல்லமாட்டேன். ‘டீமன் ஸ்லேயர்’ அனிமேயில் நாயகனின் வாளிலிருந்து புரளும் தண்ணீர் பழைய ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியங்களின் அலை போல வரையப்பட்டது. அது நிஜத் தண்ணீர் இல்லை, வீச்சின் ஓட்டத்தைக் காட்டும் ஓவியம். கிராஃபிக்ஸில் கொண்டுவந்தால் வெறும் தண்ணீராகிவிடும். அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

பார்க்க நினைத்தால் கென்ஷினின் 2012 படத்தில் தொடங்குங்கள். பிறகு 2014இல் வந்த இரண்டு, 2021இல் வந்த ‘தி ஃபைனல்’, கடைசியாக ‘தி பிகினிங்’. கதைப்படி அது முதலில் நடப்பதுதான், ஆனாலும் வரிசையை மாற்றாதீர்கள். நாலு படமாக அவன் கன்னத்துச் சிலுவைத் தழும்பைப் பார்த்துப் பழகியிருப்பீர்கள். அதன் இரண்டாவது கோடு யார் கையால் விழுந்தது என்பது அங்கே முழுக் கதையாக வருகிறது.