முறைப்பாடு வந்த அன்றே என்ன செய்வது? 8டி பற்றிய கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் சிறிய அளவில் உணவுப்பொருள் செய்பவர்கள் கேட்டவை, கேட்டவரின் ஊர் முன்னால் இருக்கிறது. பதில் சொன்னவர் தரக்கட்டுப்பாட்டில் வேலை செய்பவர்.

திருநெல்வேலி: சேர், கொழும்பிலை எங்கட நெல்லிக்கிரஷ் வாங்கிற சுப்பர் மார்க்கற், ஆறு போத்தலிலை மேல்பக்கம் பூஞ்சணம் எண்டு சொல்லி '8டி ரிப்போட்' கேக்குது. இதென்ன சாமான்?

1987இல் ஃபோர்ட் கார்க் கொம்பனி தன் ஆட்களுக்காக எழுதிய, பிரச்சினை தீர்க்கும் முறை. எட்டுப் படி: குழுச் சேர்ப்பது, பிரச்சினையை விவரிப்பது, பரவாமல் மறிப்பது, மூலகாரணம் பிடிப்பது, நிரந்தரத் தீர்வைத் தெரிவது, செய்து பார்த்து உறுதிப்படுத்துவது, திரும்ப வராமல் வழி அடைப்பது, குழுவைப் பாராட்டுவது.

ரிப்போட்டைப் பிறகு எழுதலாம். இன்றைக்கே செய்ய வேண்டியது மூன்றாம் படி. அந்தத் தொகுதி இலக்கத்தில் 480 போத்தல் போட்டிருந்தால் 480க்கும் கணக்கு வரவேண்டும்: உங்கள் ஸ்ரோர், லொறி, விநியோகஸ்தர், கடைத் தட்டு, விற்றுப்போனது. எல்லாவற்றையும் கூட்ட 461 வந்தால் மிச்சம் 19 எங்கேயோ கணக்கில்லாமல் நிற்கிறது, அதைத் தேடுங்கள். அகப்பட்டதைச் சிவப்பு ரேப் ஒட்டித் தனி மூலையில் வையுங்கள். திரும்பி வந்ததில் இரண்டு போத்தலைத் திறக்காமல் வையுங்கள், அதுதான் உங்கள் சாட்சி. பூஞ்சணத்தை வழித்தெடுத்துவிட்டுத் திரும்பக் காய்ச்சி விற்கும் யோசனை எவருக்காவது வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

அதே ஆள்: போத்தல் வடிவாய்க் கழுவேல்லை எண்டுதான் பெடியள் சொல்லுறாங்கள்.

இருக்கலாம். ஆனால் பூஞ்சணம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று இரண்டு நிரலில் எழுதிப் பாருங்கள். மேற்பரப்பில் இருக்கிறது, சுவரிலோ அடியிலோ இல்லை. ஒரு தொகுதியில் இருக்கிறது. அதே நாள் அதே தொட்டியில் கழுவிய மற்றத் தொகுதியில் இல்லை. கழுவல்தான் காரணமென்றால் இந்த 'இல்லை'களுக்கு அது பதில் சொல்லவேண்டும். சொல்லாது.

சூடாக நிரப்புபவர்கள் பார்க்கவேண்டிய இடம் மூடி. சீனிப் பதம் 65 பிரிக்ஸ் அளவில் (நூறு கிராம் பாணியில் 65 கிராம் சீனி) இருந்தால் பாணி லேசில் பழுதாகாது. நிரப்பி மூடி, நிமிர்த்தி வைத்தால் ஆவி மூடியின் உட்புறத்தில் வியர்த்துச் சொட்டும். பாணியின் மேல் மெல்லிய தண்ணிப் படை ஒன்று உண்டாகும், அங்கே சீனி குறைவு. மூடியும் கழுத்தும் சூடுபடவில்லை, ஆகவே அங்கே ஒட்டியிருந்த பூஞ்சண வித்துகள் உயிரோடு அந்தப் படையில் விழுகின்றன. அதனால்தான் மூடினவுடன் போத்தலை 3 நிமிடமளவில் சரித்தோ கவிழ்த்தோ வைப்பது. போத்தலுக்குள் 85 பாகை செல்சியசுக்குக் குறையாமல் இருந்தால்தான் அதற்குப் பலன். முதல் போத்தல் 88 காட்டும், தாச்சியின் அடியில் எடுத்த கடைசிப் போத்தல் 70க்கு இறங்கியிருக்கும். முதல், நடு, கடைசி மூன்றிலும் தேர்மோமீற்றர் வைத்துப் பாருங்கள். (கண்ணாடிப் போத்தலை முன்கூட்டியே சூடாக்கி எடுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும்.)

காரணம் இதுதான் என்று நம்பினால் அதை வரவைத்துக் காட்டுங்கள். 70 பாகையில் நிரப்பி நிமிர்த்திப் பத்து, 85இல் நிரப்பிக் கவிழ்த்துப் பத்து. முதலாவதில் பூஞ்சணம் வந்து மற்றதில் வராவிட்டால் பிடித்துவிட்டீர்கள்.

கொடிகாமம்: மூலகாரணம் பிடிக்க ஐந்து தரம் 'ஏன்' கேக்கச் சொல்லுகினம். எனக்கு எப்பவும் 'ஆளின்ரை கவனயீனம்' எண்டுதான் முடியுது.

அங்கே முடிந்தால் நீங்கள் பாதி வழியில் நிற்கிறீர்கள். கவனயீனத்துக்கு அடுத்த கேள்வி: கவனம் பிசகினாலும் பிழை நடக்காதபடி ஏன் வேலை அமையவில்லை? லேபல் மாறி ஒட்டுப்பட்டதென்றால், இரண்டு மேசையிலும் ஒரே நிற லேபல் இருந்ததா? எண்ணிக்கை ஐந்து என்பதில் மந்திரம் ஒன்றுமில்லை, உங்கள் கையால் மாற்றக்கூடிய ஒன்றில் நிறுத்துங்கள்.

பலர் விடுவது இன்னொன்று. ஏன் நடந்தது என்பது ஒரு சங்கிலி, ஏன் எங்கள் கண்ணில் படாமல் வெளியே போனது என்பது வேறு சங்கிலி. காலாவதித் திகதி பிழையாக அடிபட்டதற்குக் காரணம் பிரிண்டரில் மாற்ற மறந்தது. அது கடை வரை போனதற்குக் காரணம் முதல் லேபலை ஒருவரும் வாசித்துக் கையொப்பம் வைக்காதது. இரண்டுக்கும் தனித்தனித் திருத்தம் வேண்டும்.

சுன்னாகம்: மிளகாய்த்தூள் பைக்கற் 50க்கு ஒண்டு வீதம் சீல் விட்டது. சூட்டைக் கூட்டி 20 பைக்கற் பார்த்தம், ஒண்டும் விடேல்லை. சரிதானே?

இல்லை. ஒன்றுமே மாறாவிட்டாலும் 20 பைக்கற்றும் நல்லதாக வருவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருக்கிறது. 50க்கு ஒன்று என்ற பழுது போய்விட்டதென்று 95 வீதம் நம்ப, தொடர்ந்து 150 பைக்கற் விடாமல் வரவேண்டும். கணக்குச் சுலபம்: முன்பு எத்தனைக்கு ஒன்று விட்டதோ அதை மூன்றால் பெருக்குங்கள்.

சீல் விட்ட பைக்கற்றுகளை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிழியுங்கள், குமிழி வரும் இடத்தைப் பேனையால் குறியுங்கள். குறிகள் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் மெசினின் சூட்டுக் கட்டையோ அதன் மேல் உள்ள ரெஃப்லோன் ரேப்போ பழுது. இடம் மாறி மாறி வந்தால் தூள் பைக்கற் வாயில் ஒட்டுகிறது, சூட்டைக் கூட்டுவது அதற்கு மருந்தல்ல. தூள் விழும் குழாயைத் தாழ்த்துங்கள், சீல் வைக்குமுன் வாயைத் துடையுங்கள். கரண்ட் குறையும் நேரத்தில் மட்டும் விடுகிறதா என்று நேரத்தையும் குறியுங்கள்.

கோண்டாவில்: நாங்கள் மொத்தமே நாலு பேர். குழுவா?

மூன்று பேர் போதும். பழுதான வேலையைக் கையால் செய்தவர் கட்டாயம். கடைக்காரரோடு கதைத்தவர் ஒருவர். மூன்றாமவர் கேள்வி கேட்க மட்டும். முதலாளி முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அதனால் கடைசியாகப் பேசுங்கள்.

இணுவில்: மீன்முள் படமும் கீற வேணுமோ?

கீறலாம். ஜப்பானியத் தர நிபுணர் இஷிகாவாவின் அந்தப் படம், தலையில் பழுதையும் முள்ளுகளில் காரணங்களையும் எழுதி, ஊகங்களை ஒழுங்காக அடுக்கத்தான். ஒவ்வொரு முள்ளையும் மேலே சொன்ன 'இருக்கிறது, இல்லை' நிரலோடு ஒத்துப் பாருங்கள், முக்கால்வாசி அங்கேயே உதிரும்.

அச்சுவேலி: லண்டனிலை எடுக்கிறவர் நாளைக்கே முழு ரிப்போட் வேணுமெண்டு நிக்கிறார்.

நாளைக்கு முதல் மூன்று படியை அனுப்புங்கள்: யார் பார்க்கிறார்கள், என்ன பழுது, எத்தனை பெட்டி மறித்தாயிற்று. மூலகாரணத்துக்கு நேரே 'சோதனை நடக்கிறது' என்று எழுதி, முடியும் திகதியைப் போடுங்கள். அவசரத்துக்கு ஒரு காரணத்தைக் கற்பனை செய்து அனுப்பினால் அடுத்த கப்பலிலும் அதே பழுது போகும், அப்போது அந்தக் கடுதாசியையே உங்கள் முன் நீட்டுவார்.

மானிப்பாய்: ஏழாம் படி, திரும்ப வராமல் வழி அடைக்கிறது, அதுக்கு என்ன எழுதுறது? நாங்கள் 'ஊழியருக்கு அறிவுறுத்தப்பட்டது' எண்டு போட்டம்.

அது எழுதாததற்குச் சமம். நெல்லிக்கிரஷ்ஷில் மூடிப் பிரச்சினை என்றால் அதே தாச்சியில் செய்யும் திராட்சை, இஞ்சிப் பானங்களுக்கும் கடைசிப் போத்தல் சூட்டை அளக்கும் வரி தினக் கொப்பியில் ஏறவேண்டும். எட்டாம் படிக்கு ரீயும் வடையும் போதும், ஆனால் பிழையைக் கண்டுபிடித்தவரின் பேரை எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டு வடையைக் கொடுங்கள்.