மூன்று அக்கவுன்ட்டுக்கு மூன்று கட்டணமா?

வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். விண்டோஸில் எனக்கு, மனைவிக்கு, பிளஸ் ஒன் படிக்கும் மகனுக்கு என்று மூன்று யூசர் அக்கவுன்ட். என்னுடையதில் மட்டும் நெட் வருகிறது. "ஒரு கனெக்‌ஷனுக்கு ஒரு யூசர்தான் சார். மத்த ரெண்டுக்கும் மாசம் தனியா கட்டணும்" என்கிறார் கனெக்‌ஷன் கொடுத்தவர். கட்டலாமா?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: ஒரு பைசா கட்டாதீர்கள். கனெக்‌ஷன் உங்கள் வீட்டுக்கு. கம்ப்யூட்டருக்குள் எத்தனை அக்கவுன்ட் வைத்திருக்கிறீர்கள் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியக்கூடத் தெரியாது.

டெஸ்க்டாப்பில் ஒரு ஐகானைத் திறந்து, 'கனெக்ட்' கொடுத்த பிறகுதான் நெட் வருகிறதா? அப்படியென்றால் மாட்டிவிட்டுப் போனவர் வேலையைப் பாதியில் விட்டிருக்கிறார். யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் மோடத்தில் போடாமல், கம்ப்யூட்டரில் பிபிபிஓஇ டயலராக, அதாவது ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரே யூசர்நேம் கொடுத்து நெட்டை இணைக்கும் ஐகானாகப் போட்டிருக்கிறார். அதை உருவாக்கும்போது, இந்தக் கம்ப்யூட்டரில் மற்றவர்களும் இதைப் பயன்படுத்தலாமா என்று விண்டோஸ் ஒரு கட்டம் காட்டும். டிக் போடாமல் விட்டால் உருவாக்கியவருக்கு மட்டும்தான். அழித்துவிட்டு, டிக் போட்டுப் புதிதாக உருவாக்குங்கள்.

இதிலும் ஒரு தொல்லை உண்டு. நீங்கள் லாக்-ஆஃப் செய்ததும் நெட் அறுந்துவிடும். அடுத்து உட்காருபவர் மறுபடி கனெக்ட் கொடுக்க வேண்டும். அதனால் மாட்டிவிட்டுப் போனவரையே திரும்பக் கூப்பிட்டு, யூசர்நேமை மோடத்திலேயே போட்டு ரவுட்டர் முறைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அப்புறம் மூன்று அக்கவுன்ட், டிவி, போன் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கனெக்‌ஷன் போகும்.

ஐகானே இல்லை, மூன்றிலும் வைஃபை 'கனெக்டட்' என்றுதான் காட்டுகிறது, ஆனால் மற்ற இரண்டில் பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால் ப்ராக்ஸியை, அதாவது நெட்டை வேறொரு கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றிவிடும் அமைப்பைப் பாருங்கள். அந்த அமைப்பை விண்டோஸ் ஒவ்வொரு அக்கவுன்ட்டுக்கும் தனித்தனியாக வைத்திருக்கும். ஏதாவது ஒரு இலவச மென்பொருள் அதை மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் இருக்கிறது, அணைத்துவிடுங்கள். இதற்கும் காசில்லை.

கேள்வி: ஐந்து பேர், இரண்டு லேப்டாப், ஒரு டிவி. 50 எம்பிபிஎஸ் போதுமா?
– திருப்பூர்

பதில்: தாராளமாக. முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் இருந்தால் ஓடும். கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டரில் மூன்று அக்கவுன்ட் இருப்பதைப் பார்த்துவிட்டு, கடையில் மூன்று ஆன்டிவைரஸ் லைசென்ஸ் விற்றுவிட்டார்கள். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், இதெல்லாம் தெரியாது. ஏமாந்துவிட்டேனா?
– தஞ்சாவூர்

பதில்: ஏமாந்தது உங்கள் தவறில்லை ஐயா. தெரிந்தே விற்றிருக்கிறார்கள். வீட்டு உபயோக ஆன்டிவைரஸ் லைசென்ஸ் கருவிக் கணக்கு. கம்ப்யூட்டரில் ஒருமுறை போட்டால் எல்லா அக்கவுன்ட்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இன்னும் சொன்னால், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு இலவசமாகவே இருக்கிறது.

பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சாவி எண்ணைச் சுரண்டாத இரண்டையும் திருப்பிக் கொடுத்துப் பணம் கேளுங்கள். மறுத்தால் அங்கே நின்றபடியே 1915-க்குப் போன் போடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே புகார்க் கட்டணம் கிடையாது. வாங்கி 2 ஆண்டுக்குள் போக வேண்டும். மனு எழுதத் தடுமாறினால் எனக்கு எழுதுங்கள், வரைவு அனுப்புகிறேன்.

கேள்வி: 300 எம்பிபிஎஸ் திட்டம், ரவுட்டர் இலவசம். லேப்டாப்பில் வயர் செருகி டவுன்லோட் செய்தாலும் நொடிக்கு 11 எம்பிதான் வருகிறது. 300 எங்கே, 11 எங்கே?
– மதுரை

பதில்: பாதி குழப்பம் கணக்கில். திட்டத்தில் சொல்வது மெகாபிட், டவுன்லோடில் காட்டுவது மெகாபைட். எட்டால் வகுத்தால் 300 என்பது 37.5 ஆகும். அப்படியும் 11 குறைவுதான். ஆனால் அந்த 11-ஐப் பார்த்ததும் எனக்கு நோய் தெரிந்துவிட்டது. 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5, வழியில் கொஞ்சம் சேதாரம் போக 11 சொச்சம். எங்கேயோ ஒரு இடத்தில் உங்கள் வேகம் 100-ல் முட்டி நிற்கிறது.

முதலில் வயரைப் பாருங்கள். உள்ளே எட்டுக் கம்பியும் பொருத்தியிருக்க வேண்டும்; நான்கை மட்டும் பொருத்திவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் 100-க்கு மேல் போகாது. வயர் சரி என்றால், லேப்டாப்பில் வயர் செருகும் இடம் கிகாபிட் போர்ட்தானா, அதாவது 1000 எம்பிபிஎஸ் வரை தாங்குமா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் குற்றவாளி அந்த இலவச ரவுட்டர்தான். 100 எம்பிபிஎஸ் போர்ட் வைத்த பெட்டியைக் கொடுத்து 300 எம்பிபிஎஸ்ஸுக்குப் பில் போடுவதை வேறு எந்த வியாபாரத்திலாவது பொறுத்துக்கொள்வோமா? அரை லிட்டர் சொம்பைக் கையில் கொடுத்துவிட்டு ஒன்றரை லிட்டர் பாலுக்குக் காசு வாங்குவது போல.

இலவசம் என்பதும் சும்மா பேச்சு. கனெக்‌ஷனை நிறுத்தும்போது பெட்டியைத் திருப்பிக் கேட்பார்கள், கீறல் இருந்தால் டெபாசிட்டில் கை வைப்பார்கள். அட்மின் பாஸ்வேர்ட் மாட்டிவிட்டுப் போன பையனிடம் இருக்கும். நம் வீட்டு வைஃபையில் எதையாவது மாற்ற அவனைக் கெஞ்ச வேண்டும். இப்படி ஒரு பெட்டியைச் சரிக்கட்ட நானும் ஒரு சிக்னல் ரிப்பீட்டர் வாங்கினேன். வேகம் பாதியானதுதான் மிச்சம். பரணில் கிடக்கிறது, அதன் பக்கத்தில் யுஎஸ்பி வைஃபை ஆன்டெனா ஒன்றும் துணைக்கு.

நீங்கள் கஸ்டமர் கேரில் புகார் பதிந்து, டாக்கெட் எண்ணை, அதாவது புகார் எண்ணை வாங்கி வையுங்கள். கிகாபிட் போர்ட், இரண்டு வைஃபை பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்) உள்ள பெட்டியாக மாற்றித் தரக் கேளுங்கள். முடியாது என்றால் 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு இறக்கச் சொல்லுங்கள். அதுவும் முடியாது என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்பு வழக்கெல்லாம் அங்கே செல்லாது என்று மிரட்டினால் நம்பாதீர்கள். செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2022-லேயே சொல்லியாயிற்று.

கேள்வி: ஒரு வருடப் பணத்தையும் ஏஜென்ட்டின் சொந்த நம்பருக்கு ஜிபேயில் அனுப்பினேன். பில் வாங்கவில்லை. நான்காம் மாதமே நெட் நின்றுவிட்டது. நிறுவனமோ, மாதாமாதம்தான் பணம் வந்தது என்கிறது. என்ன செய்ய?
– சேலம்

பதில்: அனுப்புவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பில் இல்லை, நிறுவனத்தின் கணக்குக்கும் போகவில்லை. 18 சதவீத ஜிஎஸ்டியோடு ரசீது எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த ஆள் அன்றைக்கே நழுவியிருப்பார். சரி, ஜிபே விவரமும் வாட்ஸ்அப் பேச்சும் இருக்கிறதா? எதையும் அழிக்காதீர்கள். அந்த ஏஜென்ட் யார் சார்பில் வந்தார் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். அவர்களுடைய ஆள்தான் என்றால் பொறுப்பு அவர்களுக்கும் உண்டு. இல்லை என்றால் காவல் நிலையம்.

கேள்வி: மாடி வீட்டுக் குடித்தனக்காரருக்கு வைஃபை பாஸ்வேர்ட் கொடுத்து, பாதிக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாமா?
– ஈரோடு

பதில்: வேண்டாம். காசுக்குப் பகிர்வது பெரும்பாலான ஒப்பந்தங்களில் கூடாது. அவர் ஏதாவது செய்துவைத்தால் போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவை.

கேள்வி: மகன் அக்கவுன்ட்டுக்கு மட்டும் இரவு பத்து மணிக்கு மேல் நெட்டை நிறுத்த தனி மென்பொருள் வாங்க வேண்டுமா?
– நாகர்கோவில்

பதில்: வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட்டின் ஃபேமிலி சேஃப்டியில் அவனைப் பிள்ளைக் கணக்காகச் சேர்த்து, கம்ப்யூட்டருக்கே நேரம் வைத்துவிடலாம், இலவசம். அட்மின் உரிமை அவனிடம் இருக்கக் கூடாது. பையன் போன் ஹாட்ஸ்பாட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அதற்கு என்னிடம் மருந்தில்லை.